திறந்திருக்கும் இருதயம்

ஜூன் மாதம் பிறந்தால் நம் பள்ளிக்கூடத்தின் கதவுகள் திறக்கின்றன. பழுப்புத்தாள் அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்களும், மடிப்புக் கலையாத சீருடைகளுமாய் வகுப்பறைகள் நிறைகின்றன. அதே ஜூன் மாதத்தைத்தான் திருச்சபை, இயேசுவின் திரு இருதய வணக்கத்துக்கென ஒதுக்கி வைத்துள்ளது. கல்விக் கூடத்தின் கதவு திறக்கும் மாதமும், கடவுளின் இருதயக் கதவை நினைவூட்டும் மாதமும் ஒன்றாக அமைந்தது நமக்குக் கிடைத்த பேறு அல்லவா?

அன்பு மாணவியரே! முத்தாபுதுப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள மிட்டனமல்லி, பட்டாபிராம், ஆவடி முதலிய இடங்களிலும் கத்தோலிக்க வீடு எது என்று கண்டுகொள்ள நெடுநேரம் தேட வேண்டியதில்லை. முன்னறையில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு படம் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு விளக்கோ, சிவப்பு நிற பல்போ எரிந்துகொண்டிருக்கும். வீடு மந்திரிப்புக்கு வரும் குருவானவர் அப்படத்தின் முன் நின்றே செபத்தைத் தொடங்குவார். விமானப்படை நிலையத்தில் பணியாற்ற வடநாட்டிலிருந்து வந்த குடும்பமாயினும், தெற்கே நெல்லைச் சீமையிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் குடும்பமாயினும் அந்தப் படத்தில் மட்டும் வேற்றுமையில்லை. இயேசுவின் திரு இருதயப் படமே அது.

நாள்தோறும் காணும் பொருளை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. இந்த ஆண்டு மலரில் அப்படத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். இறையன்பு என்றால் என்ன என்ற பாடம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நம் பள்ளியில் பல சமயங்களைச் சேர்ந்த மாணவியர் பயில்கின்றனர். அவர்களும், அவர்தம் பெற்றோரும் இதைப் படித்து, தம் கிறிஸ்தவத் தோழியர் எதை நம்புகிறார்கள் என்று அறிந்துகொள்வார்களானால் நமக்கு மகிழ்ச்சியே.

ஒரு மாணவியின் கேள்வி

ஒரு முதல் வெள்ளிக்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் மறைக்கல்வி நடத்திக்கொண்டிருந்தோம். கடவுள் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அன்பு செய்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவ்வாண்டுதான் அவள் தன் தந்தையை இழந்திருந்தாள்.

"சிஸ்டர், கடவுள் எங்க மேல அன்பா இருக்கார்னு சொல்றீங்களே, அப்படின்னா எங்க அப்பாவை ஏன் எடுத்துக்கிட்டார்? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. புத்தகத்தில் அச்சிட்டிருந்த விடைகள் எல்லாம் அந்த நேரத்தில் சிறியனவாகத் தோன்றின. பாடவேளை முடிந்து மணி அடித்தது. அன்று அவளுக்கு நாம் பதில் சொல்லவில்லை. அவள் அருகில் சென்று, தோளில் கைவைத்து நின்றோம்; அவ்வளவே.

ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதில் இரண்டு கேள்விகள் இருப்பது பின்னர் புரிந்தது. "ஏன் எடுத்துக்கொண்டார்?" என்பது ஒன்று. "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குத் திருமறையில் தெளிவான பதில் உண்டு. ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

குத்தும் கடவுளா, குத்தப்பட்ட கடவுளா?

"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் குழந்தைகளை வளர்க்கிறோம். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் பிஞ்சு உள்ளத்தில் ஆழமாக வேரூன்றி விடுகிறது. கடவுள் என்றாலே கையில் ஊசியோடு காத்திருப்பவர் என்ற எண்ணம் வளர்கிறது. வீட்டில் ஒரு சாவோ, நோயோ வந்தால், "நாம் ஏதோ செய்துவிட்டோம், அதனால் சாமி குத்திவிட்டது" என்று குழந்தை தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறது.

இயேசு இந்த எண்ணத்தை மறுத்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டனர். இருவருடையதும் அன்று என்று இயேசு சொல்லிவிட்டார். இதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் காணலாம். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியைப் பற்றிப் பேசியபோதும், மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் என்று எண்ண வேண்டாமென எச்சரித்தார். இது லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது.

இப்போது சுவரில் உள்ள படத்தைப் பாருங்கள். இருதயத்தின் நடுவே ஒரு காயம். யூத வழக்கப்படி ஓய்வுநாள் தொடங்குமுன் உடல்களை இறக்க வேண்டியிருந்ததால், சிலுவையில் தொங்கியவர்கள் இறந்துவிட்டார்களா என்று போர்வீரர்கள் சோதித்தார்கள். இயேசு ஏற்கனவே இறந்துவிட்டதைக் கண்டு, ஒருவன் ஈட்டியால் அவர் விலாவைக் குத்தினான். இரத்தமும் நீரும் வெளிவந்தன. படத்தில் உள்ள காயம் அதுவே.

ஆகவே மாணவியரே, கிறிஸ்தவ நம்பிக்கையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: நாம் வணங்குபவர் கண்ணைக் குத்தும் கடவுளல்லர், விலாவில் குத்தப்பட்ட கடவுள். குத்தியவனையும் அவர் திருப்பிக் குத்தவில்லை. காயம் பட்ட இடத்தையே கதவாகத் திறந்து வைத்தார்.

அன்பு கூலியன்று

தேர்வு நெருங்கும் நாட்களில் நம் சிற்றாலயத்தில் கூட்டம் மிகுவதைக் காண்கிறோம். மகிழ்ச்சியே! ஆனால் சில வேண்டுதல்களைக் கேட்டால் அவை செபமா, வியாபாரமா என்ற ஐயம் எழுகிறது. "கணக்கில் தேறினால் பத்து மெழுகுவர்த்தி, முதல் மதிப்பெண் வந்தால் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம்." மதிப்பெண் குறைந்துவிட்டால், கடவுளுக்கு நம்மேல் கோபம் என்று சோர்ந்து போகிறோம்.

பள்ளியில் உழைப்புக்குத் தக்க மதிப்பெண் தருவது முறை. தொழிற்சாலையில் வேலைக்குத் தக்க கூலி தருவது நீதி. ஆனால் வீட்டில்? கைக்குழந்தை என்ன வேலை செய்ததென்று தாய் பாலூட்டுகிறாள்? குழந்தை அவளை "அம்மா" என்று அழைக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அவள் அதனை அன்பு செய்து முடித்துவிட்டாள். அவள் அன்பு முந்தியது; குழந்தையின் அன்பு பிந்தியது. தாய் தன் பிள்ளையை மறந்துபோனாலும் நான் மறக்கமாட்டேன் என்று கடவுள் கூறுவதாக இறைவாக்கினர் எசாயா எழுதியிருக்கிறார். யோவான் தம் முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், நாம் கடவுளை அன்பு செய்ததில் அன்று, அவர் நம்மை முந்தி அன்பு செய்ததிலேயே அன்பின் தன்மை விளங்குகிறது என்ற கருத்தைத் தெளிவாக்குகிறார்.

இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையை அனைவரும் அறிவீர்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய மகன், மன்னிப்புக் கேட்கச் சில வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வருகிறான். ஆனால் அவன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டுவிடுகிறார். ஓடிச் சென்று தழுவிக்கொள்கிறார். மகன் பேசத் தொடங்குமுன்பே முத்தம் கிடைத்துவிட்டது. அக்காலத்தில் வயதான குடும்பத் தலைவர் தெருவில் ஓடுவது மதிப்புக்குறைவு. அந்தத் தந்தைக்கு மதிப்பைவிட மகன் பெரிது.

நம் வள்ளுவப் பெருந்தகையும் 'அன்புடைமை'யை மக்கட்பேற்றுக்கும் விருந்தோம்பலுக்கும் நடுவே வைத்தார். அன்பு வீட்டில் பிறந்து வாசலுக்கு வந்து, முன்பின் அறியாத விருந்தினரையும் அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வரிசையே காட்டுகிறது. பின்னர், துறவறவியலில், 'அருளுடைமை' என்று தனி அதிகாரம் வைத்தார். தொடர்புடையவர் மீது செல்வது அன்பு. தொடர்பில்லாதார் மீதும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். கடவுள் நம்மிடம் காட்டுவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'அருள்' என்று அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

விலாவைத் தொட அழைக்கப்பட்டவர்

இனி அந்த மாணவியின் முதல் கேள்விக்கு வருவோம். துன்பம் ஏன்? இதற்கு நம்மை நிறைவு செய்யும் விளக்கம் எதுவும் நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் விளக்கம் இல்லாத இடத்தில் வேறொன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள நமக்கு மிக அருகில் உள்ள ஓர் இடத்தை நினைத்துக்கொள்வோம்.

ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் ஏறி, நகருக்குள் சென்று, பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டிக்கு மாறினால் பரங்கிமலையை அடையலாம். படியேறி மேலே சென்றால் 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் நிற்கிறது. திருத்தூதர் தோமையார் அம்மலையில் வேத சாட்சியாக உயிர் துறந்தார் என்பதும், அவர் உடல் மயிலையில் சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டது என்பதும் தொன்றுதொட்டு வரும் மரபு. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது சாந்தோம் பேராலயத்தில் செபித்தார். நம் உயர்மறைமாவட்டத்துக்கே தோமையார் தந்தை போன்றவர்.

அந்தத் தோமையார் யார்? இலாசரைக் காண இயேசு யூதேயாவுக்குப் புறப்பட்டபோது, அங்கே ஆபத்து என்று மற்றவர்கள் தயங்க, நாமும் சென்று அவரோடு சாவோம் என்ற பொருள்படப் பேசிய வீரர். அவ்வளவு அன்பு கொண்டவருக்கு இயேசுவின் மரணம் எத்தகைய இடியாக இருந்திருக்கும்! உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. காயங்களைப் பார்க்க வேண்டும், விலாவில் கையை இட வேண்டும், அப்போதுதான் நம்புவேன் என்றார். அவரை நாம் 'சந்தேகத் தோமா' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கேள்வியில் துக்கம் இருந்தது என்பதை மறந்து விடுகிறோம்.

எட்டு நாள் கழித்து இயேசு வந்தார். தோமையாரைக் கடிந்து விரட்டினாரா? இல்லை. நீண்ட விளக்கம் தந்தாரா? அதுவும் இல்லை. தம் காயங்களைக் காட்டி, உன் கையை நீட்டி என் விலாவில் இடு என்று அழைத்தார். தோமையார் தொட்டாரா என்பதை நற்செய்தி எழுதவில்லை. அந்த அழைப்பைக் கேட்டதுமே அவர் இயேசுவை ஆண்டவரென்றும் கடவுளென்றும் அறிக்கையிட்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கவனித்தீர்களா? உயிர்த்தெழுந்த பின்பும் அந்தக் காயங்கள் மறையவில்லை. மகிமையடைந்த உடலிலும் அவர் அவற்றை வைத்துக்கொண்டார். துன்புறுகிறவர் கேட்கும் கேள்விக்குக் கடவுள் தரும் பதில் ஒரு வாக்கியமாக இல்லை. ஒரு காயமாக இருக்கிறது. "உன் வலியை நான் அறிவேன், இதோ என் வலி, இங்கே வந்து கைவை" என்று அவர் அழைப்பதாக நாம் புரிந்துகொள்ளலாம். இலாசரின் கல்லறையில் இயேசு அழுதார் என்பதையும் மறக்க வேண்டாம். சற்று நேரத்தில் அவரை உயிர்ப்பிக்கப் போகிறவர். ஆயினும் அவருடைய சகோதரிகளின் கண்ணீரைக் கண்டு தாமும் கண்ணீர் சிந்தினார்.

தந்தையை இழந்த மற்றொரு சிறுமி

திரு இருதயப் படம் நம் வீடுகளுக்கு வந்த வரலாற்றில் ஒரு பெண் இருக்கிறாள். மார்கரீத் மரியாள் அலக்கோக் 1647-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் பிறந்தாள். ஏறத்தாழ எட்டு வயதில் தந்தையை இழந்தாள். பின்னர் நோயுற்று ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். வீட்டு நிர்வாகம் உறவினர் கைக்குப் போனது. தாயும் மகளும் சொந்த வீட்டிலேயே அவர்கள் தயவில் வாழ நேர்ந்தது. நம் மாணவியின் கேள்வி அந்தச் சிறுமியின் உள்ளத்திலும் எழுந்திருக்கக் கூடும் அல்லவா?

1671-இல் அவர் பாரே-லெ-மோனியல் என்னும் ஊரிலிருந்த கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1673 டிசம்பர் 27-ஆம் நாள், நற்கருணை முன் செபித்துக்கொண்டிருந்தபோது, இயேசு தம் இருதயத்தின் அன்பை அவருக்கு வெளிப்படுத்தினார். அன்று, இராவுணவின்போது இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்த சீடரான புனித யோவானின் திருநாள். 1675 வரை தொடர்ந்த காட்சிகளில், திரு இருதயத்துக்கென ஒரு திருநாளை இயேசு கேட்டார். அவ்வாண்டு அந்த ஊருக்கு வந்த இயேசு சபைக் குரு கிளாட் தெ லா கொலம்பியேர் அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக நின்றார்.

அந்நாளில் பிரான்சு நாட்டில் ஒரு வறண்ட போதனை பரவியிருந்தது. யான்சென் என்ற ஆயரின் நூலைப் பின்பற்றியவர்கள், தகுதியற்றவர்கள் நற்கருணையை அடிக்கடி அணுகக்கூடாது என்று மக்களை அஞ்ச வைத்தார்கள். கிறிஸ்து எல்லாருக்காகவும் இறக்கவில்லை என்னுமளவுக்கு அந்தப் போதனை சென்றது. அதைத் திருச்சபை 1653-இலேயே கண்டித்திருந்தபோதிலும், அச்சம் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. அச்சத்தால் உறைந்த அந்த மக்களுக்குத்தான் தீச்சுடர் எரியும் இருதயம் காட்டப்பட்டது.

மாணவியர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. மார்கரீத் மரியாள் நவகன்னியருக்கு ஆசிரியையாக இருந்தபோது, 1685-ஆம் ஆண்டு அவருடைய பெயர்த் திருநாளன்று அந்த இளம் பெண்கள் அவருக்கு என்ன பரிசு தருவதென்று யோசித்தார்கள். மையால் திரு இருதயத்தின் சிறு படம் ஒன்றை வரைந்து, சிறு பீடம் அமைத்து வணங்கினார்கள். மடத்தின் மூத்த கன்னியர் சிலர், இதென்ன புதுமை என்று எதிர்த்தார்கள். மறு ஆண்டே எதிர்த்தவர்களில் ஒருவர் தாமே முன்வந்து படத்தை வைத்து வணங்கினார்! இன்று நம் சுவர்களை அலங்கரிக்கும் வண்ணப் படங்களுக்கு, உங்களையொத்த இளம் பெண்கள் பேனாவால் வரைந்த அந்தச் சிறு தாளே முன்னோடிகளில் ஒன்று.

அதன்பின் வரலாறு விரைந்தது. 1856-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் திரு இருதயத் திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கினார். 1899 ஜூன் 11-ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உலகம் முழுவதையும் திரு இருதயத்துக்கு அர்ப்பணித்தார். அதை வேண்டிக் கடிதம் எழுதியவர், போர்த்துக்கல் நாட்டில் நோய்ப்படுக்கையில் இருந்த ஓர் அருட்சகோதரி. அர்ப்பணத்துக்கு மூன்று நாள் முன்னர் அவர் இறந்தார். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஏறத்தாழ ஏழு வயதிலேயே குழந்தைகள் புதுநன்மை வாங்கலாம் என்று வழி திறந்தார். வெள்ளை உடையும் மலர்முடியுமாகப் புதுநன்மை வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அச்சம் கதவை மூடியிருந்தது, அன்பு திறந்தது. 1920-இல் மார்கரீத் மரியாள் புனிதையாக அறிவிக்கப்பட்டார். 2024 அக்டோபரில், அந்தக் காட்சிகளின் 350-ஆம் ஆண்டு நிறைவுக் காலத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் திரு இருதய அன்பைக் குறித்தே ஒரு சுற்றுமடல் எழுதினார்.

நம் தமிழகமும் பின்தங்கவில்லை. சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூரில் 1894-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் எழுப்பிய திரு இருதய ஆலயம் இன்றும் திருப்பயணிகளை ஈர்க்கிறது. புதுச்சேரியில் திரு இருதயப் பேராலயம் நிற்கிறது. நமக்கு அண்மையில் பூந்தமல்லியில் உள்ள குருத்துவக் கல்லூரியும் திரு இருதயத்தின் பெயரையே தாங்குகிறது.

அதே ஆண்டில் பிறந்த அருளானந்தர்

அன்பு முந்தி வந்தால் மறுமொழி வேண்டும். மார்கரீத் மரியாள் பிறந்த அதே 1647-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் ஜான் தெ பிரிட்டோ பிறந்தார். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். அவளுக்கு முதல் பெருங்காட்சி கிடைத்த அதே 1673-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவள் மடத்தின் சுவர்களுக்குள் கண்ட அன்பை, அவர் மறவ நாட்டின் வெயிலில் நடந்து காட்டினார். தமிழ் கற்றார்; காவியுடை அணிந்தார்; புலால் நீக்கினார்; அருளானந்தர் ஆனார்.

இடையில் தாய்நாட்டுக்குச் சென்றபோது, அரசராகிவிட்ட பழைய நண்பர் அவரை அங்கேயே தங்கச் சொன்னார். வசதி காத்திருந்தது, ஆனால் அவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர் நீத்தார். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அருளானந்தர் கூலிக்காகத் திரும்பி வரவில்லை, அச்சத்தாலும் வரவில்லை. தம்மை முந்தி அன்பு செய்தவருக்கு மறுமொழி சொல்ல வந்தார். இதுவே இறையன்பின் இரண்டாம் பாதி.

நம் மறுமொழி என்ன?

நாம் எல்லாரும் ஓரியூருக்குப் போக வேண்டியதில்லை. கண்ணால் கண்ட சகோதரரை அன்பு செய்யாதவர் கண்ணால் காணாத கடவுளை அன்பு செய்வதெப்படி என்று யோவான் கேட்கிறார். ஆகவே நம் மறுமொழியை எழுத வேண்டிய தாள் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறது.

1. வகுப்பில் தனித்து உட்கார்ந்து உண்ணும் ஒரு தோழியாவது இருப்பாள். மொழி தெரியாமல் புதிதாக வந்து சேர்ந்தவளாயிருக்கலாம். மதிய உணவின்போது உங்கள் டிபன் பெட்டியோடு அவள் அருகே சென்று அமருங்கள். அவள் அழைக்கும் வரை காத்திராதீர்கள். முந்திக்கொள்வதுதான் இறையன்பின் இயல்பு.

2. சண்டையிட்ட தோழியிடம் முதலில் பேசுங்கள். "அவள் வந்து கேட்கட்டும்" என்பது ஊதாரி மகனின் அண்ணன் பேச்சு. ஓடிச் சென்று தழுவுவது தந்தையின் செயல்.

3. துன்பத்தில் இருப்பவரிடம், இது கடவுள் கொடுத்த தண்டனை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் உடனிருங்கள்.

4. செபிக்கும்போது வேண்டுதலுக்கு முன் நன்றியைச் சொல்லுங்கள். தேர்வு முடிவு எப்படியிருப்பினும், முடிவு வந்த அன்று மாலையும் படத்தின் முன் விளக்கேற்றுங்கள். மதிப்பெண் குறைந்த நாளில் ஏற்றும் விளக்கே உங்கள் அன்பின் அளவுகோல்.

பெற்றோருக்கும் ஒரு சொல். குழந்தை முதன்முதலில் கடவுளின் முகத்தைக் காண்பது உங்கள் முகத்தில்தான். மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கும் நேரத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது? கண்டிப்பு வேண்டாமென்று சொல்லவில்லை. கண்டித்த பின்பும், "நீ எங்கள் பிள்ளை" என்ற உறுதி குழந்தைக்கு எஞ்சியிருக்க வேண்டும். "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதற்குப் பதிலாக, "நீ பொய் சொன்னாலும் சாமி உன்னை விட்டுவிட மாட்டார், அவரிடம் உண்மையைச் சொல்" என்று கற்றுக்கொடுத்தால் என்ன?

முடிவுரை

கேள்வி கேட்ட அந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. சில மாதங்கள் கழித்து, ஆறாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் தாய் இறந்துபோனார். அச்சிறுமி மீண்டும் பள்ளிக்கு வந்த முதல் நாள், இடைவேளையில் மற்றவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் விலகி நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் மட்டும் நடந்து சென்று, வேப்ப மரத்தடியில் அச்சிறுமியின் அருகே உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மணி அடிக்கும் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அவளுடைய கேள்விக்கு நாம் இன்றுவரை முழுப் பதில் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய காயம் மூடிக்கொள்ளாமல், மற்றொருவர் நுழையும் கதவாகத் திறந்ததைக் கண்டோம். நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் படத்தின் பொருளை அன்று அவளிடமே கற்றுக்கொண்டோம்.

அன்பு இயேசுவே, நாங்கள் உம்மை நினையாத நாளிலும் எங்களை நினைப்பவரே! உமது விலாவை எங்களுக்காகத் திறந்து வைத்தீர். எங்கள் கேள்விகளோடும் கண்ணீரோடும் எங்களை அங்கே ஏற்றுக்கொள்ளும். எங்கள் இருதயங்களையும் பிறருக்காகத் திறந்தருளும். ஆமென்.